தோர் உலகங்களைக் காப்பாற்றுகிறானா? பழைய நார்ஸ் கதைகள் சொல்வது

கேள்வி இதுதான்: “இருள் சூழ்ந்து ஒன்பது உலகங்களும் அழியப் போகும்போது தோர் போராடி எல்லாவற்றையும் காப்பாற்றுவதாகப் படங்களில் வருகிறது. மூலக் கதையிலும் அப்படித்தானா? கருப்பு எல்ஃப்கள்தான் வில்லன்களா? மூலத்தைப் படிக்க எங்கே தொடங்குவது?”

இல்லை, மூலக் கதையில், அதாவது பழைய ஸ்காண்டிநேவிய (நார்ஸ்) கதைகளில், இடிக் கடவுள் தோர் எதையும் காப்பாற்றவில்லை. கடைசிப் போரில் தன் எதிரியைக் கொல்கிறான், ஒன்பது அடி நடக்கிறான், விழுந்து சாகிறான். அப்புறம் சூரியன் கறுக்கிறது, நிலம் கடலுக்குள் போகிறது, நட்சத்திரங்கள் வானத்திலிருந்து மறைகின்றன. அதைவிட முக்கியம், இப்படித்தான் முடியப்போகிறது என்பது கடவுள்களின் தலைவன் ஒடினுக்கு வெகு காலம் முன்பே தெரியும், இறந்த ஒரு குறிகாரியை எழுப்பிக் கேட்டே தெரிந்துகொள்கிறான். தெரிந்தும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்தக் கதைகளை நான் இத்தனை வருடமாக விடாமல் படிப்பதற்குக் காரணமே இதுதான். கடைசியில் ஒரு வெற்றியைச் சேர்த்துவிட்டால் முதலில் காணாமல் போவதும் இதுதான்.

இதெல்லாம் எங்கிருந்து நமக்குத் தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் நார்ஸ் புராணம் என்ற பெயரில் சுற்றுவதில் பாதிக்கு மேல் மூலத்தில் கிடையாது. நம்மிடம் இருப்பது முக்கியமாக இரண்டு. ஒன்று, ஐஸ்லாந்தில் 1270-களில் தோலில் எழுதப்பட்ட ஒரு சிறிய கைப்பிரதி. 45 ஏடுகள்தான் மிச்சம், நடுவில் சில காணவில்லை. 1643-இல் ஒரு பிஷப்பின் கைக்கு வந்து, பிறகு டென்மார்க் அரசனுக்கு அனுப்பப்பட்டு, 1971-இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பார்க்க ரெய்க்யாவிக் துறைமுகத்தில் பெருங்கூட்டம் கூடியது. செய்யுள் எட்டா என்று நாம் சொல்லும் பாடல்கள் பெரும்பாலும் இந்தப் பிரதியில்தான் இருக்கின்றன. இரண்டாவது, 1220-களில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய உரைநடை எட்டா. ஸ்னோரி கவிஞர், அரசியல்வாதி, 1241-இல் ரெய்க்ஹோல்ட்டில் தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டவர். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது கிட்டத்தட்ட 1000-ஆம் ஆண்டில். அதாவது ஸ்னோரி எழுதும்போது பழைய மதம் போய் 200 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கிறிஸ்தவர். இதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

சரி, இருளுக்கு வருவோம். இந்தக் கதைகளில் இருள் ஒரு தீய சக்தியே கிடையாது. இரவுக்கு நோட் என்று பெயர், அவள் ஒரு பெண், ராட்சதக் குலத்தில் பிறந்தவள். பகல், அதாவது டாக், அவள் பெற்ற மகன். ஒடின் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குதிரையும் தேரும் கொடுத்து வானத்தைச் சுற்றிவரச் சொல்கிறான். இரவுக் குதிரையின் கடிவாளத்திலிருந்து சொட்டும் நுரைதான் காலையில் புல்லில் தெரியும் பனி. ஒளி நல்லது, இருள் கெட்டது, இரண்டுக்கும் நடுவே யுத்தம் என்ற அமைப்பை இங்கே தேடினால் கிடைக்காது. அம்மாவும் பிள்ளையும் முறை வைத்து வானத்தைச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

கருப்பு எல்ஃப்கள் விஷயமும் அப்படியே. எல்ஃப் என்பது இந்தக் கதைகளில் வரும் ஒரு மாய இனம். ஸ்னோரி அதில் வெளிச்ச எல்ஃப்கள், இருள் எல்ஃப்கள் என்று இரண்டு வகை சொல்கிறார். இரண்டாம் வகை மண்ணுக்கடியில் வாழ்வது, கீலைவிடக் கருப்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஸ்வார்ட்ஆல்ஃப்ஹெய்ம் என்ற கருப்பு எல்ஃப்களின் ஊருக்குக் கடவுள்கள் போகும் கதைகளில் அங்கே இருப்பவர்கள் குள்ளர்கள், அதாவது கைதேர்ந்த கொல்லர்கள். அவர்கள் உலகத்தை விழுங்கப் புறப்பட்டதாக ஒரு வரி கூட இல்லை. ஃபென்ரிர் ஓநாயைக் கட்டிய மந்திரக் கயிறு அங்கே செய்ததுதான். தோரின் சுத்தியல் ம்யோல்னிரைச் செய்தவர்களும் குள்ளச் சகோதரர்கள்தான். கடவுள்களோடு வாழும் சூழ்ச்சிக்காரன் லோகி ஈயாக மாறி வந்து துருத்தி ஊதுபவனின் கண்ணிமையைக் கடிக்க, ரத்தம் கண்ணில் இறங்க, அவன் ஒரு நொடி கையை எடுத்ததால்தான் சுத்தியலின் கைப்பிடி குட்டையாகிப் போனது. ஆக, படங்களில் தோர் யாருக்கு எதிராகச் சுத்தியலை வீசுகிறானோ, அந்தச் சுத்தியலே மூலக் கதையில் அவர்களின் பட்டறையில் உருவானது. ஒன்பது உலகங்கள் என்பதும் பாடல்களில் வருகிறது, ஆனால் எந்த ஒன்பது என்ற பட்டியல் எந்த மூலத்திலும் இல்லை. இணையத்தில் பார்க்கும் அழகான வரைபடங்கள் எல்லாம் பிற்காலத்தில் ஆட்கள் கூட்டிச் சேர்த்தவை.

அப்படியென்றால் உலகம் ஏன் அழிகிறது? இங்கேதான் கதை கனமாகிறது. எதிரிகளை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் கடவுள்களேதான். யோத்துன்கள் என்ற ராட்சதர்கள் வேற்று இனம் கூட இல்லை, சொந்தக்காரர்கள். தோரின் அம்மா யோர்த், அதாவது பூமி, ராட்சதப் பெண். ஒடினின் தாயும் ராட்சதக் குலம். ஃபென்ரிர் ஓநாய் கடவுள்களின் வீட்டிலேயே வளர்ந்தது. அது பெரிதாவதைப் பார்த்துப் பயந்து, “சும்மா விளையாட்டுக்குத்தான், அவிழ்த்துவிடுவோம்” என்று ஏமாற்றிக் கட்டினார்கள். அது நம்ப மறுத்ததால் பிணையாகத் தன் கையை அதன் வாயில் வைத்தவன் டீர் என்ற கடவுள். அவிழ்க்கவில்லை, கை போனது. அதே ஓநாயின் தம்பி யோர்முங்காந்த் என்ற பாம்பைக் குட்டியாக இருக்கும்போதே ஒடின் கடலில் எறிந்தான். அது அங்கேயே வளர்ந்து, மனிதர்கள் வாழும் மிட்கார்டைச் சுற்றி வளைத்துத் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு கிடக்கிறது.

தோருக்கும் இதில் பங்கு உண்டு. கடவுள்களின் ஊரான ஆஸ்கார்டுக்கு மதில் கட்டிக் கொடுக்க ஒரு கொத்தனார் வருகிறான். கூலியாக ஃப்ரேயா தேவியும் சூரியனும் சந்திரனும் வேண்டும் என்கிறான், குறிப்பிட்ட கெடுவுக்குள் முடிக்க முடியாது என்று நினைத்துக் கடவுள்கள் சத்தியம் செய்து கொடுக்கிறார்கள். அவன் முடிக்கும் கட்டத்துக்கு வந்ததும் லோகியை வைத்துச் சூழ்ச்சி செய்து அவன் குதிரையைத் திசைதிருப்புகிறார்கள், கோபத்தில் அவன் ராட்சதன் என்பது வெளிப்பட்டதும் வெளியூரிலிருந்து திரும்பிய தோர் ஒரே அடியில் மண்டையைப் பிளக்கிறான். வோலுஸ்பா என்ற பாடல் இந்த இடத்தில் மதிலைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. சத்தியங்கள் முறிந்தன, உறுதிமொழிகள் உடைந்தன, அங்கே அடித்தவன் தோர் ஒருவன்தான் என்கிறது. இதிலிருந்து ஒரு சில செய்யுள்களிலேயே ஒடினின் மகன் பால்டரின் சாவு வருகிறது, அதற்குப் பிறகு சரிவுதான். உலகத்தைக் காக்கும் வீரனாக நாம் பார்க்கும் அதே கைதான் அந்தச் சத்தியத்தையும் உடைத்தது என்பதைப் பாடல் மறைக்கவில்லை.

ஆனாலும் அந்த மக்கள் மிகவும் நேசித்த கடவுள் தோர்தான். ஒடின் அரசர்களுக்கும் கவிஞர்களுக்கும் உரியவன், பிடித்தவனையே கைவிடுகிறவன். தோர் விவசாயிக்கும் மீனவனுக்கும் உரியவன். 1070-களில் எழுதிய ஜெர்மன் பாதிரியார் பிரேமனின் ஆதம், ஸ்வீடனில் உப்சாலா கோவிலைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்லும்போது நடுவில் இருப்பது தோர், இடி, மின்னல், காற்று, மழை, விளைச்சல் எல்லாம் அவன் பொறுப்பு என்கிறார். ஐஸ்லாந்தில் குடியேறிய ஹெல்கி என்பவர் கிறிஸ்துவை நம்பினாலும் கடல் பயணத்துக்கும் ஆபத்துக் காலத்துக்கும் தோரைத்தான் கூப்பிட்டாராம். சுத்தியல் வடிவப் பதக்கங்கள் வடக்கு ஐரோப்பா முழுக்கக் கிடைத்திருக்கின்றன, டென்மார்க்கில் கிடைத்த ஒரு வார்ப்பு அச்சில் சிலுவையும் சுத்தியலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யார் எதைக் கேட்டாலும் செய்து கொடுத்த தட்டானுடையது போலும்.

தோர் பாம்பைச் சந்திப்பது மூன்று முறை. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கடைசிப் போரின் எடை தெரியும். முதல் முறை அவனுக்கே தெரியாது. உட்கார்டலோகி என்ற ராட்சத அரசனின் மண்டபத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தூக்கிக் காட்டு என்கிறார்கள். முதுகு வளைகிறதே தவிரத் தூக்க முடியவில்லை, கடைசியில் ஒரு பாதம் மட்டும் தரையை விட்டு எழும்புகிறது. வெட்கப்பட்டுப் போகிறான். மறுநாள்தான் தெரிகிறது, அது பூனை இல்லை, உலகத்தைச் சுற்றியிருக்கும் பாம்பு, ஒரு பாதம் எழும்பியபோது பார்த்தவர்கள் எல்லாரும் நடுங்கிப் போனார்கள் என்று. இரண்டாம் முறை அவனே தேடிப் போகிறான். ஹிமிர் என்ற ராட்சதனுடன் படகில் ஏறி, அந்த ராட்சதனின் மந்தையிலேயே பெரிய எருதின் தலையைத் திருகி எடுத்துத் தூண்டிலில் மாட்டி, ஹிமிர் பயந்து போதும் போதும் என்று சொல்லச் சொல்ல ஆழ்கடல் வரை துடுப்புப் போடுகிறான். பாம்பு கடிக்கிறது. தோர் இழுத்த இழுப்பில் கால்கள் படகின் அடிப்பலகையை உடைத்துக்கொண்டு கடல் தரையில் ஊன்றுகின்றன. பாம்பின் தலை படகோரம் வந்து இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் முறைத்துப் பார்க்கும் நேரத்தில் ஹிமிர் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிடுகிறான்.

இந்தக் காட்சி அவர்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்வீடனில் ஆல்ட்டுனா என்ற ஊரில் 11-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்றில் தோர் ஒரு கையில் சுத்தியலோடு நிற்கிறான், கால் படகைத் துளைத்துக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்தில் ஸ்னோரி சொன்ன விவரம் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே வேறொரு நாட்டில் கல்லில் இருப்பதைப் பார்க்கும்போது, இவர் சும்மா கற்பனை செய்யவில்லை, உண்மையாகவே பழைய கதையைத்தான் சொல்கிறார் என்ற நம்பிக்கை வருகிறது.

மூன்றாம் முறைதான் ரக்னராக், அதாவது உலகம் முடியும் கடைசிப் போர். முதலில் மூன்று வருடம் உலகமெங்கும் சண்டை, அண்ணன் தம்பியே வெட்டிக்கொள்கிறார்கள். பிறகு ஃபிம்புல் பனிக்காலம், நடுவே கோடையே வராமல் தொடர்ந்து மூன்று பனிக்காலங்கள். ஓநாய் ஒன்று சூரியனை விழுங்குகிறது, இன்னொன்று சந்திரனை. கட்டுகள் எல்லாம் அறுகின்றன. பாம்பு கரையேறுகிறது, அதனால் கடல் நிலத்தின் மேல் பாய்கிறது, அந்த வெள்ளத்தில் நாக்ல்ஃபார் என்ற கப்பல் மிதந்து வருகிறது. அது செத்தவர்களின் நகத்தால் கட்டிய கப்பல். அதனால்தான் நகம் வெட்டாமல் யாரையும் புதைக்கக் கூடாது என்கிறார் ஸ்னோரி, ஒவ்வொரு நகமும் அந்தக் கப்பலுக்குப் பலகை. எதிர்ப்பக்கமும் இப்படி ஒன்று உண்டு. ஒடினின் மகன் விதார் ஓநாயின் வாயை மிதித்துக் கிழிக்கப் போடும் தடித்த செருப்பு, மனிதர்கள் செருப்புத் தைக்கும்போது விரல் பக்கத்திலும் குதிகால் பக்கத்திலும் வெட்டிப் போடும் தோல் துண்டுகளைக் காலமெல்லாம் சேர்த்துச் செய்தது. கடவுள்களுக்கு உதவ நினைப்பவர்கள் அந்தத் துண்டுகளை எறிந்துவிட வேண்டுமாம். இவ்வளவு பிரம்மாண்டமான அழிவுக் கதையில் சாதாரண மனிதனுக்குக் கொடுத்திருக்கும் வேலை நகம் வெட்டுவதும் தோல் துண்டு எறிவதும்தான் என்பது என் மனதில் ஆழமாகப் பதிந்த இடம்.

போர்க்களத்தின் பெயர் விக்ரித். ஒடின் ஓநாயை எதிர்க்கிறான், அது அவனை விழுங்குகிறது. தோர் பக்கத்திலேயே இருந்தும் உதவ முடியவில்லை, பாம்போடு இருப்பதே அவனுக்குச் சரியாக இருக்கிறது. ஃப்ரேய்ர் என்ற கடவுள் தீ ராட்சதன் சுர்த்தை எதிர்த்துச் சாகிறான், ஏனென்றால் ஒரு பெண்ணை அடைவதற்காகத் தன் நல்ல வாளைத் தூதனிடம் முன்பே கொடுத்துவிட்டான். டீரும் கார்ம் என்ற நாயும் ஒருவரையொருவர் கொல்கிறார்கள், காவல் கடவுள் ஹெய்ம்டாலும் லோகியும் அப்படியே. தோர் பாம்பைக் கொன்று, அதன் விஷத்தில் ஒன்பது அடி தள்ளி விழுகிறான். வோலுஸ்பா இங்கே ஒரு வார்த்தை சேர்க்கிறது: பழிக்கு அஞ்ச வேண்டியதில்லாமல் நடந்தான் என்று. ஜெயித்தான் என்று சொல்லவில்லை. கடைசியில் சுர்த் தீயை வீசி எல்லாவற்றையும் எரிக்கிறான்.

இந்த இடத்தில் அடிக்கடி பகிரப்படும் ஒரு தகவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போரில் இறந்த வீரர்கள் தங்கும் ஒடினின் மண்டபமான வல்ஹல்லாவுக்கு 540 வாசல், ஓநாயை எதிர்க்க வாசலுக்கு 800 வீரர் புறப்படுவார்கள் என்று ஒரு பாடல் சொல்கிறது. பெருக்கினால் 4,32,000, கலியுகத்தின் ஆண்டுக் கணக்கும் அதே, ஆகவே இரண்டுக்கும் மூலம் ஒன்று என்கிறார்கள். ஆனால் பழைய நார்ஸ் மொழியில் நூறு என்பது பெரும்பாலும் 120-ஐக் குறித்தது. அந்தக் கணக்கில் 640 வாசல், வாசலுக்கு 960 பேர், மொத்தம் 6,14,400. பொருத்தம் அங்கேயே உடைந்துவிடுகிறது. நான் இதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்வேன்.

அதைவிடக் கவனிக்க வேண்டிய கேள்வி, கோடையில்லாத பனிக்காலம் என்ற நினைவு எங்கிருந்து வந்தது என்பது. கி.பி. 536-இல் வடகோளத்தில் ஒரு பெரிய எரிமலை வெடித்தது, 540-இல் வெப்பமண்டலத்தில் இன்னொன்று. துருவப் பனியிலும் மர வளையங்களிலும் இதன் தடயம் இருக்கிறது. பைசாண்டிய வரலாற்றாசிரியர் ப்ரொகோபியஸ் அந்த வருடம் முழுக்கச் சூரியன் நிலவு போல ஒளியின்றிக் கிடந்ததாக எழுதியிருக்கிறார். ஸ்காண்டிநேவியாவில் அந்தக் காலத்தில் ஏராளமான குடியிருப்புகள் கைவிடப்பட்டன. ஸ்வீடன் தொல்லியலாளர் போ கிரேஸ்லண்ட், ஃபிம்புல் பனிக்காலம் இந்த அனுபவத்தின் நினைவு என்று வாதிட்டார். தீயும் புகையும் நிறைந்த பகுதிக்கோ, 939-இல் ஐஸ்லாந்தில் தொடங்கிய எல்ட்க்யா எரிமலை வெடிப்பை 2018-இல் ஒரு ஆய்வுக் குழு காட்டியது. வோலுஸ்பா பாடப்பட்டது 1000-ஐ ஒட்டி என்பது பொதுவான கணிப்பு, ஆகவே 536 வாய்வழியாக நானூறு வருடங்களுக்கு மேல் தாண்டி வந்திருக்க வேண்டும். பனிக்காலத்துக்கு அந்த விளக்கம் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன், ஆனால் மொத்தக் கதையையும் எரிமலையில் கரைத்துவிடுவதை நான் ஏற்க மாட்டேன், உடைந்த சத்தியங்களை எந்த எரிமலையும் விளக்காது. ஐஸ்லாந்துக்காரர்கள் சுர்த்தை எரிமலையோடு சேர்த்துப் பார்த்தது மட்டும் நிச்சயம். ஒரு பெரிய எரிமலைக் குகைக்கே அவன் பெயர்தான், 1963-இல் கடலுக்குள்ளிருந்து எழுந்த புதுத் தீவுக்கும் சுர்த்சே என்றுதான் பெயர் வைத்தார்கள்.

முற்றிலும் அழிவுதானா என்றால் அதுவும் இல்லை. பூமி மறுபடி பச்சையாகக் கடலிலிருந்து எழுகிறது. லீஃப், லீஃப்த்ராசிர் என்று இரண்டு மனிதர்கள் ஒரு காட்டுக்குள் ஒளிந்து, காலைப் பனியையே உணவாகக் கொண்டு பிழைக்கிறார்கள். பால்டர் செத்தவர்களிடமிருந்து திரும்புகிறான், கண் தெரியாமல் அவனைக் கொன்ற சகோதரன் ஹோத்தும் கூடவே. சூரியன் இங்கே பெண், ஓநாய் பிடிப்பதற்கு முன் அவள் ஒரு மகளைப் பெற்றுவிடுகிறாள், அந்த மகள் அம்மாவின் பாதையில் ஓடுகிறாள். தோரின் சுத்தியல் அவன் மகன்கள் மோதிக்கும் மக்னிக்கும் போகிறது. இந்தப் புது உலகம் கிறிஸ்தவப் பாதிப்பா, பழைய நம்பிக்கையா என்று அறிஞர்கள் ரொம்ப காலமாக வாதிடுகிறார்கள். இங்கிலாந்தில் கோஸ்ஃபோர்த் என்ற ஊரின் 10-ஆம் நூற்றாண்டுச் சிலுவைத் தூணில் மிருகத்தின் வாயைக் காலால் மிதிக்கும் விதாரும் இருக்கிறான், சிலுவையில் ஏசுவும் இருக்கிறார். இரண்டையும் சேர்த்தே பார்த்த மக்கள் இருந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவு.

படிப்பதற்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் வோலுஸ்பா, 60-சொச்சம் செய்யுள்கள்தான், முதல் முறை புரியாது, பரவாயில்லை. அடுத்து ஸ்னோரி எட்டாவின் முதல் பகுதியான கில்ஃபகின்னிங். கில்ஃபி என்ற அரசன் மூன்று பேரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே போவது போன்ற அமைப்பு, உலகம் பிறந்ததிலிருந்து ரக்னராக் வரை வரிசையாக வரும், மேலே சொன்ன பூனையும் மீன்பிடியும் கொத்தனாரும் அதில்தான். அதை முடித்துவிட்டு வோலுஸ்பாவை மறுபடி படியுங்கள், இந்த முறை பிடிபடும். பிறகு தோர் மீன்பிடிக்கும் ஹிமிஸ்க்விதாவும், சுத்தியல் திருட்டுப் போய் தோர் மணப்பெண் வேடம் போட்டுப் போகும் த்ரிம்ஸ்க்விதாவும். ஆங்கில மொழிபெயர்ப்பு எடுக்கும்போது அடிக்குறிப்புகள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், ஏனென்றால் இந்தப் பாடல்கள் தோரை நேராகப் பெயர் சொல்லாமல் பூமியின் மகன், மிட்கார்டின் காவலன் என்றெல்லாம் குறிப்பிடும், குறிப்பு இல்லாவிட்டால் யார் யாரை அடித்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.